திடீரென வருவதல்ல இனப்படுகொலை!

1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில், சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் மக்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி மக்கள். பழங்காலக் குலப்பகை திடீரென வெடித்தது என்று மேலைநாட்டுப் பத்திரிகைகள் பல எழுதின. பொய் என்கிறோம் நாம்!

ஹூட்டுவும் டுட்சியும் பேசியது ஒரே மொழி. உழுதது ஒரே மலைச்சரிவு. பெல்ஜிய ஏகாதிபத்தியம்தான் 1930களில் இன்ன இனம் என்று குறித்த அடையாள அட்டையை ஒவ்வொருவர் கையிலும் திணித்தது. டுட்சி மேல்தட்டினரை வைத்து ஹூட்டு உழவனை வேலை வாங்கியது. 1962ல் விடுதலை வந்தது, அட்டை ஒழியவில்லை.

1989ல் உலகச் சந்தையில் காபி விலை சரிந்தது. காபியை நம்பிய விவசாயியின் வயிறு காய்ந்தது. 1990ல் உள்நாட்டுப் போரும் மூண்டது. ஆட்சியாளரின் கூட்டம் என்ன செய்தது? பசித்தவனுக்கு அண்டை வீட்டு டுட்சியைப் பகைவனாகக் காட்டியது! 1993ல் தொடங்கிய மில் கொலின் ரேடியோ அவர்களைக் கரப்பான் பூச்சிகள் என்றது. பெயர்ப் பட்டியல் தயாராயிற்று. பிறகு சாலைகளில் மறித்து, அதே அட்டையைப் பார்த்தே வெட்டினார்கள். எதிர்த்து நின்ற ஹூட்டுகளும் தப்பவில்லை.

உலகுக்குத் தெரியாதா? தெரியும்! 1994 ஜனவரி 11ந் தேதியே ஐ.நா. படைத் தளபதி டலேர் எச்சரித்துத் தந்தி அனுப்பினார். ஆயுதக் கிடங்குகளைக் கைப்பற்ற அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கொலை நடந்துகொண்டிருக்கையில், ஏப்ரல் 21ல், பாதுகாப்புச் சபை அவரது படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. இனப்படுகொலை என்ற சொல்லைச் சொல்லவே அமெரிக்க அரசு வாரக்கணக்கில் தயங்கியது. சொன்னால், தடுக்கும் கடமை விதித்த 1948ம் வருஷ ஒப்பந்தம் குறுக்கே நிற்குமே!

இனப்படுகொலை என்ற குற்றத்துக்கு 1944ல் பெயர் சூட்டியவர் போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் லெம்கின். அவருக்குப் பின் வந்த அறிஞர்கள் அதன் படிகளை ஆராய்ந்தார்கள். மக்களைப் பிரிப்பது, அடையாளம் குத்துவது, மனிதரல்ல என்று இழிப்பது, கொலைக் கூட்டம் திரட்டுவது, கொன்றபின் நடக்கவே இல்லை என்று சாதிப்பது - இவை அப்படிகளில் முக்கியமானவை. ஒவ்வொரு படியிலும் தடுக்க வழியுண்டு என்பதே அந்த ஆராய்ச்சியின் பயன்.

2003ல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் ரேடியோக்காரர்களைத் தண்டித்தது. நல்லது. ஆனால் தீர்ப்பு செத்தவரை எழுப்பாது.

தோழர்களே! ஆலை வாசலிலோ களத்துமேட்டிலோ ஒரு கூட்டத்தைப் பூச்சி, புழு என்று எவனாவது பேசினால், சிரித்துவிட்டுப் போகாதீர்கள். விலை ஏன் சரிந்தது, கூலி ஏன் உயரவில்லை என்ற கேள்வியை மறைக்கவே அவன் பேசுகிறான். அங்கேயே மறுத்துப் பேசுங்கள். முதல் படியில் தடுக்க ஒரு சொல் போதும். கடைசிப் படியில் ஒரு சேனையும் போதாது!