"இன்னும் கிட்டப் போங்க அண்ணே!"



பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வீடு கிளம்பும் கேள்விதான்: "லீவுக்கு எங்கே?" ஏலகிரி படகும் ஜமுனாமரத்தூர் படகு குழாமும் பார்த்துச் சலித்த நம் பிள்ளைகள் இப்போது செல்போனில் திமிங்கிலத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் கடல் மேல் ஆசை வருவது நியாயம்தானே?

தாராளமாகப் போகலாம். பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸா. அதற்குப் பிறகு, நம் கோடை விடுமுறைக்குத் தோதாக, திருகோணமலை. இரண்டு இடத்திலும் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கடல் ஆழமாகிவிடுகிறது. அதனால்தான் பிரம்மாண்டமான நீலத் திமிங்கிலம்கூட அங்கே கரைக்கு அருகில் வருகிறது. கறுப்பு வெள்ளை ஓர்காவைத்தான் பிள்ளைகள் அதிகம் கேட்பார்கள். அந்தக் கடலில் அது எப்போதாவதுதான் தென்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காலையில் படகு கிளம்பும். வெகுநேரம் வெறும் தண்ணீர்தான். திடீரென்று தூரத்தில் புகை மாதிரி ஒன்று உயர எழும்பும். திமிங்கிலம் மூச்சு விடுகிறது! சாம்பல் கலந்த நீலத்தில் முதுகு வந்துகொண்டே இருக்கும்; முடியவே முடியாதோ என்று தோன்றும். சில மூச்சுக்குப் பிறகு வாலைத் தூக்கி உள்ளே போய்விடும்.

அந்த நேரத்தில்தான் படகில் இருக்கும் எல்லோரும் கத்துகிறோம், "இன்னும் கிட்டப் போங்க அண்ணே!" என்று. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் அப்படிப் பேச வைக்கிறது. படகுக்காரர் என்ன செய்வார்? கஸ்டமர் மனம் கோணக் கூடாதே என்று விரட்டுகிறார். பக்கத்துப் படகும் விரட்டுகிறது. மூச்சு வாங்க மேலே வந்த உயிர், முழுசாக வாங்காமலே மூழ்குகிறது. நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. நாம் கேட்காமல் இருந்தால் அவர் ஏன் அதை மீறப் போகிறார்?

நம் ஊர் மலைப்பாதையில் கரடி குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அது போகும்வரை காத்திருக்கிறோம் இல்லையா? அதே பொறுமை கடலிலும் வேண்டும். மிரிஸ்ஸாவுக்குத் தெற்கே பெரிய சரக்குக் கப்பல்களின் பாதை ஓடுகிறது. திமிங்கிலங்கள் மோதிச் சாகின்றன என்பதற்காக, எம்.எஸ்.சி. நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலகிப் போக வைத்தது. மலை போன்ற கப்பலே விலகுகிறது. நம் சுற்றுலாப் படகு விலகக் கூடாதா?

புக் செய்யும்போதே கேளுங்கள்: "எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீங்க? கிட்டப் போனதும் வேகத்தைக் குறைப்பீங்களா?" சரியாகப் பதில் சொல்பவரிடம் நூறு ரூபாய் கூடுதலானாலும் கொடுங்கள். ஒரு பைனாகுலர் கையோடு இருக்கட்டும்.

விமான டிக்கெட் கட்டுப்படியாகாத வீடுகளுக்குச் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் இருக்கிறது. அங்கே மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு கேளுங்கள். குறுகலான கால்வாய்க்குள் அதுதான் நுழையும். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே நண்டு ஓடுவதையும், கொக்கு மீனுக்காக அசையாமல் நிற்பதையும் பிள்ளைகள் ஆற அமரப் பார்ப்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்