அறிவுரை போதும், ஆள் வேண்டும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடைபெற்ற புகையிலை எதிர்ப்புப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றவன் நான். மேடையேறி 'வெண்சுருட்டு, வெண்சுருட்டு' என்று தூய தமிழில் முழங்கினேன். நுரையீரல் படும் பாட்டை நான் விவரித்தபோது முன் வரிசையில் அமர்ந்திருந்த பேராசிரியப் பெருமக்கள் கைதட்டினார்கள். பரிசாகக் கிடைத்த திருக்குறள் உரைநூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே தேநீர்க் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, ஒரு சிகரெட்" என்றேன். கடையில் தூய தமிழ் வாயில் வரவில்லை.

இதை ஆண்டு மலரில் எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். சிறு வயதில் வீட்டுப் பெரியவர் புகைத்தெறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததைக் காந்தியடிகளே தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கும்போது, எனக்கு மட்டும் என்ன மானம் போகிறது என்று பிறகு துணிந்தேன். மேலும், என் பேச்சைக் கேட்டு அன்று ஒருவன்கூடப் புகைப்பதை விட்டிருக்க மாட்டான் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்?

நண்பர்களே, புகைப்பவனுக்குப் புகை தீது என்று தெரியாது என எண்ணிக்கொண்டுதான் நாம் பேரணி நடத்துகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். அவனுக்கு நன்றாகவே தெரியும். 2016 முதல் சிகரெட் பெட்டியின் இருபுறமும் 85 விழுக்காட்டு இடத்தை எச்சரிக்கைப் படமும் எழுத்தும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. (சில்லறையாக ஒன்றிரண்டு வாங்கும் மாணவன் பெட்டியைப் பார்ப்பதே இல்லை என்பது வேறு கதை.) விட்ட முதல் மூன்று நாள்களை எப்படிக் கழிப்பது என்பதுதான் அவனுக்குத் தெரிவதில்லை. அதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதும் இல்லை. அந்த மூன்று நாள்களையும் ஒருவனைத் தனியே கழிக்க விடுவது தவறு என்பதே என் கருத்து.

எங்கள் வீட்டுக்கும் புகையிலைக்கும் உள்ள உறவை இங்கே சொல்லிவிட வேண்டும். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு திண்ணைதோறும் பீடி சுற்றுவார்கள். என் அம்மாவும் சுற்றுகிறார். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடித்து, நூல் கட்டி, நாளுக்கு எண்ணூறு, ஆயிரம் என்று எண்ணிக்கொண்டு போய்க் கொடுத்தால்தான் கூலி. என் கல்லூரிக் கட்டணமும் விடுதிச் சாப்பாடும் அந்தச் சுளகிலிருந்து வந்தவை. தூள் நெடியில் இருமிக்கொண்டே சுற்றும் அம்மா ஒரு நாளும் ஒரு பீடியை வாயில் வைத்ததில்லை. அந்தக் காசில் நான் நாளுக்குப் பத்துச் சிகரெட் புகைத்தேன். அந்தக் குற்ற உணர்ச்சி என்னைத் திருத்தவில்லையா என்று கேட்பீர்கள். அது வந்தபோதெல்லாம் இன்னொன்று பற்றவைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டு முறை தனியாக விட்டுப் பார்த்தேன். தோற்றால் சிரிப்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. முதல் முறை ஒன்றரை நாள் தாங்கினேன். இரண்டாம் முறை மூன்றாம் நாள் காலைவரை. நம் மனவுறுதி இவ்வளவுதானா என்று நொந்துகொண்டேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: எந்தத் துணையும் இல்லாமல் விட முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதமோ ஓராண்டோ தாக்குப்பிடிக்கிறார்களாம். மீதித் தொண்ணூற்றைந்து பேரும் கோழைகளா?

புகையை இழுத்த சில விநாடிகளில் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. பழகிய மூளை அடுத்ததைக் கேட்கிறது. கேட்டது கிடைக்காவிட்டால் எரிச்சல், படபடப்பு, ஓயாத பசி, தூக்கமின்மை, எதிலும் மனம் ஒன்றாமை. விட்ட சில மணி நேரத்தில் தொடங்கும் இவை இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. ஆனால் வேட்கை இடைவிடாமல் நிற்பதன்று. அலைபோல் எழும்; ஐந்து நிமிடம் போல நின்று வாட்டும்; வடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் ஆள் வேண்டும் என்கிறேன்.

மூன்றாம் முறை என் அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "என்னைக்குலே?" என்று மட்டும் கேட்டான். "வெள்ளிக்கிழமை, இன்டர்னல் முடிஞ்சதும்" என்றேன். "சரி, நான் இந்த வாரம் ஊருக்குப் போகல" என்றான். அந்த ஞாயிறு அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தேநீர்க் கடையிலும் அவனே போய்ச் சொன்னான். அண்ணாச்சி பாக்கி நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்து, "தம்பிக்கு இனிமே கடலைமிட்டாய்தான்" என்றார். அந்தக் கடையே அங்கே சிகரெட் விற்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். சுற்றுச்சுவரிலிருந்து நானே எட்டு வைத்து அளந்து பார்த்தேன். நாற்பது எட்டைத் தாண்டவில்லை. இருந்தாலும், சட்டம் செய்யாததை எனக்கு மட்டுமாவது அண்ணாச்சி செய்தார்.

தாவரவியல் பேராசிரியர் ஒருவர், தாமும் ஒரு காலத்தில் புகைத்து விட்டவர், எங்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். "புகையிலை கத்தரிக் குடும்பம்தான்ப்பா, ஆசை வந்தா கத்தரிக்காய்க் கூட்டு தின்னு" என்று வழியெல்லாம் கேலி. மருத்துவர் 2 மில்லிகிராம் நிகோடின் பசையை எழுதிக் கொடுத்தார். நான் அதை மிட்டாய்போல் விடாமல் மென்று, விக்கலெடுத்துக் குமட்டி அவதிப்பட்டேன். மெல்ல மென்று, நாக்கில் காரம் தட்டியதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டுமாம். தேநீர் குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாகச் சேராதாம். இந்தச் சிறு சங்கதியை எந்தப் பேச்சுப் போட்டியில் சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலகத்தின் பின்புறம் கடைசிச் சிகரெட். அன்றிரவு ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை காலைத் தேநீர் முடிந்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. தலை கனத்தது, புத்தகத்தில் ஒரே பக்கத்தை ஆறு முறை படித்தேன். மாலையில் பேராசிரியர் மைதானத்தைச் சுற்றி நடக்க அழைத்துப் போனார். ரிச்சர்டு டால் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவை அப்போதுதான் சொன்னார். விடாமல் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறக்கிறார். முப்பது வயதளவில் நிறுத்திவிட்டால் அந்தப் பத்து ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுதாக மீட்டுக்கொள்ளலாம். "உனக்கு இருபதுதானே?" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. ஐந்தாம் சுற்றும் நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. காலை இட்லியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன். மின்விசிறி சத்தம் போடுகிறது என்று கத்தினேன். பிற்பகலில் அறைத்தோழன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தான் என்பதற்காக, "நீ யாருலே எனக்கு? உன் வேலையைப் பாரு" என்று எறிந்து விழுந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். அங்கே பெட்டிக்கடையில் என்னை யாருக்கும் தெரியாது. ஒரு சிகரெட் வாங்கினேன். தீப்பெட்டிக்குக் கை நீட்டித் திரும்பினால் பின்னால் அவன் நிற்கிறான்.

பிடுங்குவான் என்று எதிர்பார்த்தேன். பிடுங்கியிருந்தால் அடித்திருப்பேன். "பத்த வைச்சுக்கோ, நான் தடுக்க மாட்டேன். அஞ்சே நிமிஷம் கழிச்சுப் பத்த வை" என்றான். சிமெண்டு மேடையில் உட்கார்ந்தோம். வருகிற பேருந்துகளின் பலகைகளை அவன் உரக்கப் படிக்கத் தொடங்கினான்: தென்காசி, பாபநாசம், சங்கரன்கோவில், மறுபடி தென்காசி. என் கை வியர்வையில் சிகரெட் நைந்து இரண்டாக ஒடிந்தது. நான் வென்றுவிட்டதாக எண்ண வேண்டாம். அரைமணி கழித்து மீண்டும் அதே வேட்கை வந்தது. ஆனால் அதற்குள் நாங்கள் விடுதி போய்ச் சேர்ந்திருந்தோம்.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசினேன். "அம்மா, சிகரெட்டை விட்டுட்டேன்" என்றேன். நீண்ட நேரம் பேச்சில்லை. "எப்பய்யா பிடிக்க ஆரம்பிச்ச?" என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. "சாப்பிட்டியா?" என்றார்.

நான்காம் வாரம் ஓர் உறவினர் திருமணத்தில் 'ஒண்ணே ஒண்ணு' என்று நீட்டினார்கள்; இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். (அந்த 'ஒண்ணே ஒண்ணு' நண்பர்களைவிட, ஒரேயடியாகத் திட்டுகிறவர்கள் மேல்.) திரும்பி வந்ததும் அறைத்தோழனிடம் சொன்னேன். மறைத்திருந்தால் அடுத்த வாரமே பழைய பத்துக்குப் போயிருப்பேன். இப்போது ஏழு மாதமாகிறது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். புகைத்துப் பிடிபட்டவனின் அடையாள அட்டையைப் பிடுங்கி, பெற்றோரை அழைத்து வரச் சொன்னால், அவன் அடுத்த முறை இன்னும் தள்ளிப் போய்ப் புகைப்பான். விட நினைத்தாலும் யாரிடமும் சொல்ல மாட்டான். பேரணிக்குச் செலவிடும் ஒரு நாளை, விடுதியில் மாடிக்கு இரண்டு பேரை இந்த வேலைக்குப் பழக்குவதற்குச் செலவிடலாம். கூச்சப்படுகிறவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 2018 முதல் சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்படும் அந்த எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். ஆனால் தொலைபேசியில் பேசுபவர் பேருந்து நிலையம்வரை பின்னால் வர முடியாது.

எங்கள் அறை பழைய விடுதியின் மாடியில் கடைசியில் இருக்கிறது. கடலைமிட்டாய் எப்போதும் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். சென்ற வாரம் முதலாமாண்டுத் தம்பி ஒருவன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். நாங்கள் காரணம் கேட்கவில்லை. "என்னைக்குலே?" என்றான் என் அறைத்தோழன்.