டோப்பாஸ்: கப்பலேறிய சாதி

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் பயமுறுத்தியது. போனால் போகட்டுமே, நல்லதுதானே என்று நாம் கேட்கலாம். ஆனால் போகவில்லை. மூட்டை முடிச்சோடு அதுவும் கப்பலேறியது. எந்த மூலையில் குந்தியிருந்தது என்று தெரிய வேண்டுமானால் பழைய மாலுமிகளின் பேச்சைப் புரட்ட வேண்டும்.

ஆங்கிலேயர்களின் வணிகக் கப்பல்களில் உழைத்த ஆசிய மாலுமிகளை லஸ்கர் என்றார்கள். சில்ஹெட், சிட்டகாங், ரத்னகிரி, கட்ச், கோவா என்று பல ஊர்க்காரர்கள். இவர்கள் பேசியது லஸ்கரி. இந்துஸ்தானியில் பாரசீகம், அரபி, போர்த்துகீசு எல்லாம் கலந்த பாஷை. செராங் பாரசீகம். சுக்கானி அரபியிலிருந்து வந்தது. கயிற்றைத் தளர்த்தி இறக்கச் சொல்லும் 'ஆரியா' போர்த்துகீசு. மொழித் தூய்மை பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் வந்தால் மயக்கம் போட்டுவிடுவார்கள். உழைக்கிறவனுக்குத் தூய்மையா முக்கியம்? கயிறு அறுந்தா சாவுதானே!

1811இல் கல்கத்தாவில் தாமஸ் ரோபக் என்ற ராணுவ அதிகாரி இந்தப் பாஷைக்கு அகராதி போட்டார். எதற்கு? வெள்ளை அதிகாரி கட்டளையிட. இழு, விடு, கட்டு, ஏறு. இழுத்தவன் தனக்குள் என்ன முணுமுணுத்தான் என்பதற்கு அதில் இடமில்லை. பின்னால் ஓய்வுபெற்ற அதிகாரிகள் தங்கள் நினைவுக் குறிப்புகளில் இதே சொற்களைக் கொஞ்சிக் கொஞ்சி எழுதினார்கள். மேல்தளத்தில் நின்று கேட்டால் எல்லாம் இனிமைதான்.

இந்தச் சொற்களை மேலிருந்து கீழாக அடுக்கினால் ஒரு ஊரே தெரியும். உச்சியில் செராங். அவருக்குக் கீழே டிண்டல், கசாப், சுக்கானி, லஸ்கர். இயந்திர அறையில் நெருப்புப் போடும் ஆக்வாலா, கரி அள்ளும் கோயிலாவாலா. சமைக்கிறவர் பண்டாரி, நம்மூர் முஸ்லிம் கல்யாண வீட்டில் பிரியாணி ஆக்குகிறவருக்கும் அதே பேர்தான். எல்லோருக்கும் கீழே டோப்பாஸ். கக்கூஸ் கழுவுகிறவர்.

டோப்பாஸ் என்ற சொல் ஒரு காலத்தில் போர்த்துகீசு பேசிய கலப்பினக் கிறித்தவரைக் குறித்தது. மூலம் 'தொப்பி' என்பார்கள் சிலர், 'துபாஷி' என்பார்கள் சிலர். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையும் துபாஷிதான். அவர் கையில் பேனா இருந்தது. 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் டோப்பாஸ் கையில் இருந்தது துடைப்பம்.

அந்த வேலைக்கு வடநாட்டுத் துப்புரவுச் சாதிகளிலிருந்து ஆள் பிடித்தார்கள். மற்ற மாலுமிகள் அதைத் தொட மாட்டார்கள். கப்பல் முதலாளி கிறித்தவர், செராங் பெரும்பாலும் முஸ்லிம். சாஸ்திரம் படித்தவன் ஒருத்தன்கூட இல்லாத இடத்திலும் சாதி ஒழுங்காக வேலை பார்த்தது! சாதியைக் கோயிலுக்குள் மட்டும் தேடுகிற தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். மலிவான உழைப்பு எங்கே வேண்டியிருக்கிறதோ அங்கே சாதியும் வேண்டியிருக்கிறது.

லஸ்கர்கள் எல்லோருமே சுரண்டப்பட்டவர்கள்தான். 1894 பிரிட்டிஷ் சட்டம் மாலுமி ஒருவருக்கு 72 கனஅடி இடம் ஒதுக்கியது. இந்தியச் சட்டம் லஸ்கருக்கு 36 போதும் என்றது. 1939இல் போர் மூண்டதும் அவர்கள் கப்பலேற மறுத்து, போராடிக் கூலியை உயர்த்தினார்கள். அந்தப் போரில் மாண்ட பிரிட்டிஷ் வணிக மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில்லில் வெண்கலத்தில் நிற்கின்றன. இந்திய மாலுமிகளுக்கு சிட்டகாங்கிலும் பம்பாயிலும் வைத்த பெயர்ப் புத்தகங்கள்தான்.

இந்த வரலாற்றை இப்போது எழுதுகிறார்கள். நல்லது. லஸ்கர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் டோப்பாஸைக் கரைத்துவிடாதீர்கள் என்பதுதான் நமது கோரிக்கை. வெள்ளைக்காரனுக்கு முன்னால் அவர் லஸ்கர். லஸ்கருக்கு முன்னால் யார்?

துறைமுக ஊர்களில் கப்பலில் துப்புரவு வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாணவத் தோழர்களே, ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காருங்கள். எந்த நாடு பார்த்தீங்க என்று கேட்காதீர்கள். எங்க சாப்பிட்டீங்க, யாரோட படுத்தீங்க, உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, அவங்களுக்கு நீங்க வச்ச பேர் என்னன்னு கேளுங்க. ரோபக்கின் அகராதியில் இல்லாத சொற்கள் அங்கேதான் கிடைக்கும்.