கதை எங்கே தொடங்க வேண்டும்?

மாணவர்களே, பாகுபலி திரைப்படத்தைப் பார்க்காதவர் உங்களுள் ஒருவரேனும் இருப்பாரா? தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே உருவாக்கப்பட்ட படம் அது. ஆதலால், திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் நமக்கு அதில் இரட்டை உரிமை உண்டு. வகுப்புத் தோழர்கள் மாஹிஷ்மதி என்று சொல்லும் நாட்டை நாம் வீட்டில் மகிழ்மதி என்கிறோம். தமிழ் உரையாடலை எழுதிய மதன் கார்க்கியே காலகேயர்களுக்கு உரிய கிளிக்கி மொழியையும் படைத்தார்.

இப்படத்தின் முதற்பகுதி 2015ஆம் ஆண்டு ஜூலை 10 அன்றும், இரண்டாம் பகுதி 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று இயக்குநர் எஸ். எஸ். இராஜமௌலி இரு பகுதிகளையும் மறுபடியும் தொகுத்து, ‘பாகுபலி: தி எபிக்’ என்னும் ஒரே படமாக வெளியிட்டார். 5 மணி நேரத்திற்கும் மேல் ஓடிய இரண்டு படங்கள் ஏறத்தாழ 3 மணி 45 நிமிடத்தில் அடங்கின. சிவுடு, அவந்திகை காதற்பகுதி பெரிதும் குறைந்தது. பாடல்கள் சிலவும் நீங்கின. ஆனால், ஒன்றை மட்டும் இயக்குநர் மாற்றவில்லை. மகன் கதை முன்னும் தந்தை கதை பின்னுமாக அமைந்த முறை அப்படியே இருந்தது.

‘இதைக் காலவரிசைப்படி அடுக்கினால் என்ன? முதலில் தந்தை, பிறகு மகன் என்று பார்த்தால் கதை தெளிவாக விளங்குமே’ என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. இன்று கணினியும் தொகுப்பு மென்பொருளும் உள்ள எவரும் ஒரு படத்தை வெட்டித் தம் விருப்பப்படி அடுக்கிவிடலாம். இத்தகைய முயற்சி புதியதும் அன்று. 1972, 1974ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘காட்பாதர்’ படங்கள் இரண்டையும் காலவரிசையில் அமைத்து, 1977ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியில் நான்கு இரவுகள் ஒளிபரப்பினர். ஆயினும், ஒரு கதையை முதன்முறை காண்பவர் அதைச் சொன்னவர் வகுத்த வரிசையிலேயே காண வேண்டும் என்பது என் கருத்து. காலவரிசை இரண்டாம் முறைக்கு உரியது.

பாகுபலியையே எடுத்துக்கொள்வோம். படம் தொடங்கும்போது காயமுற்ற ஒரு பெண் கைக்குழந்தையுடன் ஓடி வருகிறாள். ஆற்று வெள்ளம் அவளை இழுக்கிறது. நீருக்கு மேலே தெரிவது ஒரு கை. அதன்மேல் ஒரு குழந்தை. அவள் யார், குழந்தை யாருடையது, துரத்தியவர் எவர் என்பன எவையும் நமக்குத் தெரியா. அக்குழந்தை சிவுடு என்னும் பெயருடன் அருவியின் அடிவாரத்தில் வளர்கிறான். மேலே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே ஏறுகிறான், விழுகிறான், மீண்டும் ஏறுகிறான். மகிழ்மதியில் பல்லாலதேவனின் பொற்சிலையை நிறுத்தும் இடத்தில் அவன் முகத்தைக் கண்ட மக்கள் ‘பாகுபலி’ என்று முழங்குகின்றனர். அந்தப் பெயர் யாருடையது என்று அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. பின்பு கட்டப்பா அவன் காலைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொள்ளும்போது அவன் அடையும் திகைப்பே நம் திகைப்பும் ஆகிறது. இதன் பின்னரே முன்கதை தொடங்குகிறது. ‘ஃபிளாஷ்பேக்’ என்று நாம் வழங்கும் இம்முறையைத் தமிழில் பின்னோக்கு உத்தி என்பர்.

இப்பொழுது காட்சிகளைக் காலவரிசையில் அடுக்குங்கள். சிவகாமி இரு குழந்தைகளையும் வளர்க்கிறாள். காலகேயர் போர் நடக்கிறது. அமரேந்திர பாகுபலி குந்தள நாட்டிற்குச் சென்று தேவசேனையைக் காண்கிறான். அரியணை பல்லாலதேவனுக்குப் போகிறது. சூழ்ச்சி, கொலை ஆகியவற்றின் பிறகே அந்த ஆற்றங்கரை வருகிறது. நீருக்கு மேல் உயர்ந்த கையைக் காணும்போது அது யாருடைய கை, எதற்காக உயர்ந்தது என்பதெல்லாம் நமக்கு முன்பே தெரியும். அந்தக் காட்சி முன்னிலும் கனமாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். சிவுடு அருவியில் ஏறுகிறான், ‘நான் யார்?’ என்று தவிக்கிறான். நாமோ விடையைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். முன்பு அவனோடு சேர்ந்து ஏறிய நாம், இப்போது மேலிருந்து அவனைப் பார்க்கிறோம். ஒரு வரிசை மாற்றம் நம்மை இடம் மாற்றிவிடுகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. அதுவே பெரியது என்பேன். முன்கதையைச் சொல்பவன் யார்? கட்டப்பா. யாரிடம் சொல்கிறான்? தான் கொன்றவனின் மகனிடம். அந்த முன்கதை முழுவதும் ஒரு குற்ற ஒப்புதல். காலவரிசையில் அடுக்கும்போது நிகழ்ச்சிகள் தாமே நடக்கின்றன. சொல்பவனும் கேட்பவனும் காணாமற்போகின்றனர். 2015இல் முதற்பகுதியின் முடிவில் கட்டப்பா அந்த உண்மையைச் சொன்ன பிறகு, ‘ஏன் கொன்றான்?’ என்னும் கேள்வி ஒன்றேமுக்கால் ஆண்டுக்கும் மேலாக நாடெங்கும் பேசப்பட்டது. ஊர்த் தேநீர்க் கடைகளில்கூட ஆளுக்கொரு விடை சொன்னார்கள். காலவரிசையில் அந்தக் கேள்வி எழவே எழாது. சிவகாமியின் ஆணையைக் கேட்டுவிட்டு அல்லவா கொலையைக் காண்போம்!

ஆங்கிலச் சூப்பர்ஹீரோ படங்களை விரும்பும் மாணவர்கள் இதற்குள் மார்வெல் படங்களை நினைத்திருப்பீர்கள். ‘அயன் மேன்’ 2008இல் வந்தது. 2011இல் வந்த முதல் ‘கேப்டன் அமெரிக்கா’ படத்தின் கதையோ 1940களில் நடக்கிறது. 2019இல் வந்த ‘கேப்டன் மார்வெல்’ 1995இல் நடக்கிறது. இரசிகர்கள் சிலர் காட்சி காட்சியாகப் பிரித்து இவற்றைக் காலவரிசையில் கோத்திருக்கின்றனர். அதனால் நேர்வதைப் பாருங்கள். 2014இல் வந்த ‘தி வின்டர் சோல்ஜர்’ படத்தில் நிக் ஃபியூரி, முன்பு ஒருவரை நம்பியதால் ஒரு கண்ணை இழந்ததாக மிக இறுக்கமான முகத்துடன் சொல்கிறார். கேட்பவருக்கு ஏதோ பெருந்துரோகம் நினைவுக்கு வரும். காலவரிசையில் பார்ப்பவருக்கோ, பூனை போன்ற ஓர் உயிரினம் பிறாண்டியதால் அந்தக் கண் போயிற்று என்பது முன்பே தெரியும். அவர் சிரித்துவிடுவார். சிரிப்பு நல்லதுதான், ஆனால் அந்தக் காட்சி சிரிப்பதற்காக எடுக்கப்பட்டதன்று.

அதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு, 2016இல் வந்த ‘சிவில் வார்’ படம். தன் பெற்றோரைக் கொன்றவர் யார் என்பதை டோனி ஸ்டார்க் இறுதியிலேதான் அறிகிறார். கொன்றவன் பிறர் ஆணைக்கு அடிமையாய் இருந்தவன்; அவன் இப்போது எதிரிலேயே நிற்கிறான். அந்தக் கொலை நடந்தது 1991இல். காலவரிசையில் அடுக்கினால் அது ‘அயன் மேன்’ படத்துக்கும் முன்னே வந்துவிடும். ஆணைக்கு அடிமையாய் நின்று கொன்ற கட்டப்பா உங்கள் நினைவுக்கு வருகிறானா? கடல் கடந்த கதையாயினும் முடிச்சு ஒன்றே.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அது நம் ஊரிலேயே இருக்கிறது. சித்தூர், திருப்பதி மாவட்டச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரதத் திருவிழாவை நீங்கள் கண்டிருக்கலாம். 18 நாள் பாரதம் என்றே அதைச் சொல்வர். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அதைத் தெலுங்கில் வீதிநாடகம் என்பர். அருச்சுனன் தபசு அன்று வேடமிட்டவர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறுவார். துரியோதனனின் மண்ணுருவம் திடலில் படுத்திருக்கும். வீமன் அதன் தொடையில் அடிப்பான். பின்னர்த் தீமிதி நடைபெறும்.

வியாச பாரதம் இந்த வரிசையில் தொடங்கவில்லை. அருச்சுனனின் கொள்ளுப்பேரனாகிய சனமேசயன் பாம்பு வேள்வி நடத்துகிறான். அங்கே வைசம்பாயனரிடம் தன் முன்னோர் கதையைக் கேட்கிறான். ஆக, குருட்சேத்திரப் போர் முடிந்து பல்லாண்டுகள் சென்றபின் கேட்கப்படும் முன்கதையே பாரதம். தன் முன்னோரைப் பற்றி அறிய விரும்பும் ஓர் இளையவனிடம் ஒருவர் சொல்கிறார். பாகுபலியின் அமைப்பும் இதுவே. ஊர்த் திருவிழாவோ இந்தச் சட்டகத்தை ஒதுக்கிவிட்டு நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் நிறுத்துகிறது. காலவரிசைத் தொகுப்பை நம் கூத்துக் கலைஞர்கள் கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே செய்துவிட்டனர்!

அப்படியானால் காலவரிசை சிறந்ததுதானே என்பீர்கள். கூத்துக் காண அமர்ந்திருப்பவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். கர்ணன் குந்தியின் மகன் என்பதை அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். நமக்குத் தெரியும், கர்ணனுக்குத் தெரியாது. அதனால்தான் அவன் துரியோதனனிடம் நன்றி சொல்லும் ஒவ்வொரு முறையும் நம் நெஞ்சு பதறுகிறது. ‘கர்ண மோட்சம்’ கூத்தில் விடியும்வரை உறங்காமல் அமர்ந்திருப்பவர்கள் முடிவை அறிந்துகொள்ள அமர்ந்திருக்கவில்லை. முடிவை அறிந்திருப்பதால் அமர்ந்திருக்கின்றனர். காலவரிசை தரும் இன்பமும் துன்பமும் இவ்வகையானவை. பாகுபலியைக் காலவரிசையில் மறுமுறை பார்ப்பவருக்குக் கட்டப்பாவே கதைத்தலைவன் ஆகிவிடுகிறான். தன்னை ‘மாமா’ என்றழைத்த பிள்ளையைத் தன் கையால் கொல்லப்போகிறவன் இவன் என்று அறிந்தே அவனது ஒவ்வொரு சிரிப்பையும் காண்கிறோம். முதன்முறை பார்ப்பவருக்கு இது கிட்டாது. புதிதாகப் பார்க்கும் தம்பியையும் ஏற்கெனவே பார்த்த அக்காவையும் ஒரே வரிசையில் அமர்த்த வேண்டியதில்லை.

திரைப்படத்திற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். நம் குடும்பம் எப்போது, எதற்காக இங்கு வந்தது என்று எந்த வீட்டிலும் முதல் நாளிலிருந்து வரிசையாகச் சொல்வதில்லை. ஒரு திருமண அழைப்பிதழில் நாம் பார்த்திராத ஓர் ஊரின் பெயர் நம் குடும்பப் பெயருடன் அச்சாகியிருக்கும். பள்ளிப் படிவத்தில் ‘தாய்மொழி’ என்ற கட்டத்தை நிரப்பும்போது ஒரு கேள்வி எழும். அன்று பாட்டி ஒரு பகுதியைச் சொல்வார்; மற்றொரு பகுதி ஐந்தாண்டு கழித்து வரும். நாமும் சிவுடுவைப் போல அருவியின் அடியிலிருந்துதான் தொடங்குகிறோம்.

சில வீடுகளில் ‘எப்போது வந்தோம்?’ என்ற கேள்வியே பொருந்தாது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மாறியது. இந்த ஆண்டுகளில் பலர் ஊர் மாறவில்லை, எல்லைதான் மாறியது. இதை ஆண்டு வரிசையில் படித்தால் சமூக அறிவியல் பாடம். ‘தாத்தா வீட்டைவிட்டு அசையவே இல்லை, ஆனால் வேறு மாநிலத்தவர் ஆகிவிட்டார்’ என்று பாட்டி தொடங்கினால், ‘அது எப்படி?’ என்று கேட்காமல் இருக்க முடியுமா? ஆண்டுகள் அதன்பின் தாமே தேவைப்படும்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய பயிற்சி. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், ‘நம் குடும்பம் இந்த ஊரில் இருப்பது எப்படி?’ என்று கேளுங்கள். இடையே குறுக்கிட்டு, ‘அதற்கு முன்பு என்ன நடந்தது?’ என்று கேட்க வேண்டா. அவர் எந்த நிகழ்ச்சியில் தொடங்குகிறாரோ அதையே முதல் வரியாகப் பயிற்சி ஏட்டில் எழுதுங்கள். அவர் முன்னும் பின்னுமாகச் செல்லும் இடங்களிலும் அவர் வரிசையையே பின்பற்றுங்கள். ஆண்டுகள் தெரிந்தால் ஏட்டின் இடப்புற ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்தபின் அவரிடமே படித்துக் காட்டுங்கள். விட்டுப்போன ஏதேனும் ஒன்றை அவர் அப்போது சொல்வார். அதையும் கடைசியிலேயே சேருங்கள்.