ஒரே கொட்டகையில் இரண்டு மூட்டையா?

தமிழக அரசு 2011ல் துவக்கிய திட்டத்தில், அக்கா வாங்கிய லேப்டாப் உங்கள் வீட்டில் இருக்கலாம். 'இடம் இல்லை' என்று அது சொன்னதும், குடும்பப் போட்டோக்களை அழித்து விடாதீர்கள்.

இடத்தை அடைப்பது பல நேரம் பழைய நகல்கள்தான். விண்டோசைப் புதிதாக மாற்றினால், பழையது, 'விண்டோஸ்.ஓல்டு' என்ற போல்டரில் தங்கும். அதுவே, 10 ஜி.பி.,க்கு மேல் பிடிக்கும். உங்கள் பைல் ஏதும் அதில் இல்லையென்று பார்த்துவிட்டு, 'டிஸ்க் கிளீனப்' மூலம் நீக்குங்கள்.

போட்டோக்களுக்கு நகல் அவசியம். ஆனால், அசல் இருக்கும் அதே ஹார்டு டிஸ்க்கில் வைத்தால், அதை நகலென்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிஸ்க் கெட்டால் இரண்டும் போகும். ராசிபுரத்துத் தாத்தா, விதைக்கடலையை இரண்டு மூட்டையாகக் கட்டி, ஒழுகும் ஒரே கொட்டகையில் போடுவாரா?

நகலைப் பென் டிரைவுக்கு மாற்றி, திறக்கிறதா என்று பார்த்த பின், லேப்டாப்பில் உள்ள இரண்டாம் பிரதியை மட்டும் அழியுங்கள்.