புத்தகத் திருவிழாவில் சொந்தப் பதிப்பு எழுத்தாளர்களுக்குக் கூட்டு அரங்கு கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
தம் நூல்களைத் தாமே பதிப்பிக்கும் எழுத்தாளர்களின் மாவட்டச் சங்கம்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மாவட்டப் புத்தகத் திருவிழா நிர்வாகக் குழு.

பொருள்: புத்தகத் திருவிழா – அரங்கு ஒதுக்கீடு – ஒரே நூலை வெளியிட்டவரையும் பதிப்பாளராக ஏற்றுக் கூட்டு அரங்கு அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் சங்கத்தின் முந்தைய கடிதங்கள் நான்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சங்கம் முறைப்படி பதிவு பெற்றது. உறுப்பினர் 42 பேரும் இம்மாவட்டத்தில் வசிப்பவர்கள்.

மூன்று ஆண்டுகளில் நான்கு கடிதங்கள் எழுதியும், ஒன்றுக்கேனும் இசைவென்றோ மறுப்பென்றோ எழுத்தில் ஒரு வரி வரப்பெறாத நிலையில், ஐந்தாவதாக இம்மனுவைத் தங்கள் சமூகத்தில் சமர்ப்பிக்கிறோம். பழைய கடிதங்கள் கோப்பில் எங்கேனும் அடியில் போயிருக்கலாமாகையால், அவற்றின் சாரத்தை மறுபடியும் எடுத்துரைக்க வேண்டிய அவசியம் நேர்ந்திருக்கிறது. அரங்கு கோரும் விண்ணப்பப் படிவத்தின் மூன்றாவது நிபந்தனை, சொந்த வெளியீடாகக் குறைந்தது 50 தலைப்புகள் வைத்திருப்பவரே பதிப்பாளர் எனக் கருதப்படுவார் என்று சொல்வதால், எங்களைப் போன்றோர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறோம் என்பதை முதற் கடிதத்தில் தெரிவித்தோம். தனித்தனியே எவரும் அந்த எண்ணிக்கையை எட்ட இயலாதாயினும், உறுப்பினர் அனைவருடைய நூல்களையும் சேர்த்தால் 70 தலைப்புகளுக்கு மேல் ஆகின்றன. ஆகவே சங்கத்தின் பெயரில் ஒரே ஓர் அரங்கு தந்தாலும் போதும், அதன் முழு வாடகையையும் முன்பணமாகவே கட்டிவிடுகிறோம் என்று இரண்டாவது கடிதத்தில் கேட்டுக்கொண்டோம். ஓர் அரங்கைப் பலர் பகிர்ந்துகொள்ள விதியில் இடமில்லை என்று அலுவலக மேஜைக்கு அப்பாலிருந்து வாய்மொழியாக ஒரு விடை வந்தது. அந்த விதியின் நகலைத் தருமாறு மூன்றாவது கடிதம் எழுதினோம். மூன்றாவது கடிதத்தை நினைவூட்ட நான்காவது எழுதினோம்.

பதிப்பாளர் யார் என்ற கேள்விக்கு இந்நாட்டின் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே விடை சொல்லியிருக்கிறது என்பதை இங்கு வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். பொது நூலகங்களுக்கு நூல்களை ஒப்படைப்பது பற்றிய அவ்வாண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வெளியாகும் ஒவ்வொரு நூலின் பதிப்பாளரும், நூல் வெளியான 30 நாட்களுக்குள், தம் சொந்தச் செலவில், கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்திற்கு ஒரு பிரதியும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் ஒப்படைக்க வேண்டுமென்று விதிக்கிறது. தவறினால் 50 ரூபாய் வரை அபராதமும், அதன்மேல் நூலின் விலையும் வசூலிக்கலாம் என்று 5ஆம் பிரிவு கூறுகிறது. தேசிய நூலகத்திற்கு அனுப்பும் பிரதி, அச்சிட்டவற்றுள் மிகச் சிறந்த தாளில் அச்சானதாக, வரைபடங்களும் சித்திரங்களும் குறைவின்றி அமைந்ததாக இருக்க வேண்டுமென்றும் அச்சட்டம் நிர்ணயித்திருக்கிறது. இத்தனை நுணுக்கமாக எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில், நீ இதற்கு முன் எத்தனை நூல் போட்டாய் என்ற கேள்வி ஓரிடத்திலும் இல்லை. நூறு ஆண்டுப் பாரம்பரியமுள்ள பதிப்பகமும், ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து ஒரே நூலை அச்சிட்ட ஆசிரியையும் அதன் முன் ஒரே பெயரால்தான் அழைக்கப்படுகிறார்கள். 300 பிரதிகள் அச்சிட்டு அவற்றுள் நான்கைத் தபால் செலவுடன் அனுப்பிவைக்கும் எங்கள் உறுப்பினர் கடமையைச் செய்யும்போது பதிப்பாளராகவும், அதே நூலை விற்க ஒரு மேஜை கேட்கும்போது பதிப்பாளர் அல்லாதவராகவும் ஆகிவிடுவது எந்த நியாயத்தின்பாற்பட்டது என்று அறிய விரும்புகிறோம். நூல்களுக்குரிய சர்வதேசத் தர எண்ணை வழங்கும் தில்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான முகமையும், எழுத்தாளர் தாமே விண்ணப்பித்தால் கட்டணமின்றி அதை வழங்கிவருகிறது. மத்திய அரசு இரண்டு இடங்களில் ஒப்புக்கொண்ட ஒரு தகுதியை, மாவட்டத் திருவிழாவின் படிவம் மட்டும் மறுப்பதற்குக் காரணம் ஏதும் எங்களுக்குத் தென்படவில்லை.

இந்த ஓர் அரங்கை நாங்கள் இத்தனை பிடிவாதமாகக் கேட்பதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். புகழ் பெற்ற ஆசிரியர்கள்மீது எங்களுக்கு எவ்விதப் பொறாமையும் இல்லை. எங்களுள் பெரும்பாலோர் அவர்களைப் படித்தே எழுதத் துணிந்தவர்கள். ஆனால் பிரபலமான பெயர் ஒன்றுக்கு அரங்கமே தேவையில்லை என்பது கண்கூடு. அந்தப் பெயரைத் தேடும் வாசகர் வீட்டிலிருந்து புறப்படும்போதே சட்டைப் பையில் பட்டியலை வைத்துக்கொண்டு வருகிறார். நுழைவாயிலில் அரங்கு எண்ணை விசாரித்துக்கொண்டு நேரே அங்கே போகிறார். நூலைத் திறந்துகூடப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்து வாங்குகிறார். பெயர் தெரியாத ஆசிரியரின் நூலுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அது ஒரு மனிதனின் கையில் விழ வேண்டும். அவன் அட்டையைத் தடவி, பின்னட்டையை வாசித்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நாலு வரி படித்து, அதன் பிறகே விலையைப் பார்க்க வேண்டும். கடையின் அலமாரியில் முதுகு மட்டும் தெரிய நிற்கும் நூலுக்கு இந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை; முகம் மேலாக மேஜையில் கிடத்தி வைத்தால்தான் கிட்டுகிறது. எந்தப் பெயரையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல், குடும்பத்தோடு, கையில் பையோடு, ஆயிரக்கணக்கான ஜனங்கள் நூல்களுக்கிடையே சாவகாசமாக நடந்து செல்லும் இடம் இம்மாவட்டத்தில் வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தங்கள் திருவிழா. அங்கே எங்களுக்கு இடமில்லையென்றால் வேறெங்கும் இல்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் நூல் விலை 200 ரூபாய். குறைந்த பிரதிகளே அச்சிடுவதால் பிரதி ஒன்றுக்கு அச்சுக்கூலி 90 ரூபாய் ஆகிறது. ஆயிரக்கணக்கில் அச்சிடும் பதிப்பகத்திற்கு இதே நூல் இதைவிட மிகக் குறைவான செலவில் முடிந்துவிடும். கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்கிறார், அது 80 ரூபாய். ஆசிரியருக்கு எஞ்சுவது 30. அந்த முப்பதும் விற்ற பிறகு தருவதாக ஏற்பாடாகையால், கொடுத்த பத்துப் பிரதிகளின் நிலவரம் அறிய அவர் நான்கு முறை பேருந்து ஏறினால் வந்தது சரியாகப் போய்விடுகிறது. திருவிழாவில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்து அவரே விற்றால் 90 ரூபாய் அன்று மாலையே கையில் நிற்கிறது. அடுத்த நூலை அச்சிடுவதற்கான முதல் அந்தத் தொண்ணூறுகளிலிருந்தே உண்டாகிறது.

சென்ற ஆண்டு நேர்ந்த ஒன்றை, நேரில் பார்த்தவன் என்ற முறையில், இங்குப் பதிவு செய்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தம் வட்டாரத்து ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் கிடைத்துவந்த மீன்களின் பெயர்களை, வலை போடுகிறவர்களிடமும் சந்தையில் விற்கிறவர்களிடமும் ஆறு வருஷம் கேட்டுத் தொகுத்து, 144 பக்கத்தில் நூலாக்கியிருந்தார். அரங்கு இல்லாமையால் 40 பிரதிகளை இரண்டு மஞ்சள் பைகளில் கொண்டுவந்து, நுழைவாயிலுக்கு வெளியே, கரும்புச்சாறு வண்டிக்கு அருகில், ஒரு நாற்காலியின்மேல் செய்தித்தாள் விரித்து அடுக்கிவைத்தார். பள்ளிச் சீருடையிலிருந்த சிறுவன் ஒருவன் வந்து, நின்றபடியே ஒரு பிரதியைப் படிக்கத் தொடங்கி, தன் பாட்டி சொல்லும் மீன் பெயர் ஒன்று இதில் இல்லையென்று சொன்னான். ஆசிரியை பேனாவை எடுத்துத் தம் பிரதியின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் காவலர் வந்து, வாசலில் வியாபாரம் கூடாது, எடுங்கள் அம்மா என்றார். அவர் மீது குற்றமில்லை. அவருக்கு இடப்பட்ட உத்தரவு அது. மாலை மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, அடிப்பையிலிருந்த பிரதிகளின் அட்டை ஊறி உப்பியிருந்தது. அந்த மழையிலும் உள்ளே மேடையருகில் புகழ் பெற்ற நூல்கள் தகரக் கூரையின் கீழ் நனையாமல் விற்றுக்கொண்டிருந்தன, விற்கட்டும். இந்த அம்மையாரின் நூலுக்கும் அந்தக் கூரையின் கீழ் இரண்டடி இடம் கிடைத்திருக்கக் கூடாதா என்பதே எங்கள் கேள்வி.

தரமற்ற நூல்கள் வந்து குவிந்துவிடும் என்று ஓர் ஆட்சேபம் சொல்லப்படுவதாகக் கேள்விப்படுகிறோம். தலைப்புகளின் எண்ணிக்கை தரத்திற்கு அளவாகாது. எழுத்தாளர் சி. சு. செல்லப்பா தம் பிரசுரங்களைத் தாமே மூட்டை கட்டிச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். முதிய வயதில் தம் சொந்தப் பொறுப்பில் அவர் வெளியிட்ட ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு, அவர் 1998இல் மறைந்த பிறகு, 2001ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. பாரதியார் 1920இல் தம் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் அச்சேற்றுவதற்காக அன்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் எழுதிக் கடனுதவி கேட்க வேண்டியிருந்தது. அவர்களோடு எங்களை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிவு எங்களுக்கு இல்லை. எழுதியவனே பதிப்பிப்பதும், பதிப்பித்தவனே சுமந்து விற்பதும் தமிழுக்கு அந்நியமான காரியம் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம். பலர் சேர்ந்து ஓர் அரங்கு நடத்துவது குழப்பமாகும் என்பாருக்குக் கேரளம் விடை தருகிறது: 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்களே கூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் நூல்களைத் தாங்களே பதிப்பித்து விற்கத் தொடங்கினார்கள்.

ஆகவே எங்கள் முதற் கோரிக்கை இது: 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் ஒப்படைக்கக் கடமைப்பட்ட எவரும் பதிப்பாளரே என்று படிவத்தின் மூன்றாவது நிபந்தனையைத் திருத்தி, வரும் திருவிழாவில் சங்கத்தின் பெயரில் பத்துக்குப் பத்தடி அரங்கு ஒன்றை, மற்றவர்கள் கட்டும் அதே வாடகைக்கு, மற்றவர்களுடன் ஒரே குலுக்கலில் ஒதுக்க வேண்டும். எங்களுக்கென ஒரு மூலையைத் தனியே பிரித்துத் தர வேண்டாம். அரங்கினுள் தலைப்பு ஒன்றுக்கு எவ்வளவு இடம் என்பதை நாங்களே பங்கிட்டுக்கொள்வோம். கணக்குக்கும் ஒழுங்குக்கும் செயலாளராகிய நான் பொறுப்பேற்கிறேன்.

பின்வருவனவற்றுக்கும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்:

2. பிற்பகல் நிகழ்ச்சிகளில் ஒரு நாளாவது உள்ளூர் எழுத்தாளர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குதல்.

3. ஒலிபெருக்கி அறிவிப்புகளில் உறுப்பினர் நூல்களின் பெயரையும் சேர்த்தல்.

4. அரங்கு ஒன்றுக்கு இரண்டு நாற்காலிகளும் ஒரு மின் இணைப்பும் அளித்தல்.

5. திருவிழாக் கையேட்டில் சங்கத்தின் பெயரையும் அரங்கு எண்ணையும் அச்சிடுதல்.

6. நூல்களை இறக்கும் நாளில் வாகன அனுமதிச் சீட்டு வழங்குதல்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நூலைப் பெற்றுக்கொள்ளும் நூலக அதிகாரி பதிப்பாளருக்கு எழுத்து மூலம் ரசீது தர வேண்டும் என்பதும் மேற்சொன்ன சட்டத்தின் 4ஆம் பிரிவில் உள்ளது. எங்கள் நான்கு கடிதங்களுக்கும் ரசீது இல்லை. இம்மனுவை இரண்டு பிரதிகளாகக் கொண்டுவந்திருக்கிறோம். இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் இட்டுத் திருப்பித் தருமாறு வேண்டுகிறோம். அது கிடைக்கும் வரை வரவேற்பறையில் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்.

இணைப்பு: முந்தைய கடிதங்கள் நான்கின் நகல்கள், உறுப்பினர் நூற்பட்டியல், நீர்க்கறை படிந்த அட்டையுடன் மீன் பெயர்கள் பற்றிய நூலின் பிரதி ஒன்று.