மலைவழியும் மழலையரும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, றிவர்ஸ்டன் வழியாகப் பல்லேகமவுக்குச் செல்லும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரை வளைந்து வளைந்து கடப்பது. சென்ற விடுமுறையில் தங்கையின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு அவ்வழியே சென்றோம். மூத்தவளுக்கு நான்கு வயது; இளையவனுக்கு ஒன்றரை.

புறப்படும் வேளையில் அயலவர் ஒருவர், "இருமற் பாணியில் ஒரு கரண்டி கொடுத்துவிடுங்கள், ஊர் சேரும்வரை உறங்குவார்கள்" என்றார். அன்பினாற் சொன்னதே, ஆயினும் நாம் உடன்படவில்லை. அத்தகைய பாணிகள் சிலவற்றிலுள்ள புரோமெதசீன் என்னும் மருந்து, இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் மூச்சையே ஒடுக்கிவிடக்கூடும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004ஆம் ஆண்டில் இதுபற்றிக் கடுமையாக எச்சரித்துள்ளது. இளையவன் வழியெல்லாம் அழுதான், அழட்டும் என்றிருந்தோம்.

வாந்தி வந்ததோ மூத்தவளுக்கு. இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு இத்தொல்லை அரிது. வண்டியின் அசைவை உட்செவி உணர்கிறது. தாழ அமர்ந்த குழந்தையின் கண்ணோ முன்னிருக்கையின் முதுகையே காண்கிறது. இவ்விரண்டும் முரண்படுவதே குமட்டலுக்குக் காரணம். அவள் மடியிலிருந்த படப் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டுத் தொலைவிலுள்ள மலைமுகட்டைக் காட்டினோம். றிவர்ஸ்டன் காற்றில் அரைமணி நேரம் இறங்கி நின்றோம். (சாரதிக்குத்தான் பொறுமை குன்றியது.)

பல்லேகமவை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மூத்தவள் சோறு கேட்டாள்.